பைராம் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்

நிபோங் திபால்
11 மே 2025

அன்புள்ள தனேஷ் அண்ணே,

ஃபைனலுக்குப் போயிட்டோம் அண்ணே, நம்ம உறுமி குழு இடிமுழக்கம் ஃபைனலுக்குப் போயிடுச்சு, ஆகஸ்டுல பட்டர்வொர்த் மேடையில நம்ம உறுமி அலறப் போகுது!!!

சரி, மூச்சு வாங்கிட்டு ஒழுங்கா ஆரம்பிக்கிறேன். நான் நலம், அப்பா அம்மா நலம். இமிகிரேஷன் முகாமுக்குள்ள அடைபட்டு இருக்கிற உன்னைய நலமான்னு கேக்க கூச்சமா இருக்கு. ஆனா தமிழ்ப்பள்ளியில டீச்சர் அப்படித்தான் எழுதச் சொல்லிக் குடுத்தாங்க. கையால எழுதி வெரலு வலிக்குது, லைக் போடவும் இடமில்ல, என்னாத்த லெட்டரோ போ.

உனக்கு வக்கீல் கெடச்சிட்டாங்க. ஜெகதீஸ்வரி அக்கா. ஃபீஸு வேணாம்னுட்டாங்க. மொத நாளே என்னைய உக்கார வச்சு கேள்வி மேல கேள்வி.

"தம்பி எங்க பொறந்தாரு?"

"பைராம் தோட்டம்."

"அப்பா?"

"சிவநேசன் பெரியப்பா. நீல ஐ.சி., இந்த நாட்டுக் குடிமகன்."

"அம்மா?"

"குணவதி பெரியம்மா. இந்தியாவுலேர்ந்து விசிட் பாஸ்ல வந்தவங்க. ரெண்டு பேருமே இப்ப இல்ல."

"கல்யாணத்தப் பதிஞ்சாங்களா?"

"மாரியம்மன் கோயில்ல தாலி கட்டுனாங்க. பந்தி போட்டாங்க. தோட்டமே சாப்ட்டுச்சு."

"சாப்ட்டது சரி தங்கச்சி. பதிஞ்சாங்களா?"

இல்லன்னு தலைய ஆட்டுனேன்.

அவ்வளவுதான் அண்ணே விஷயம். தாலி கட்டுனா போதும்னு அவங்க நெனச்சாங்க. அரசாங்கத்துக்கு அது பத்தல. அதான் உன் பொறப்பு சூராட்டுல, அந்தப் பத்திரத்துல, குடிமகன் இல்லன்னு போட்டாங்க, அதான் நீ வேலை செஞ்ச பிறை ஃபேக்டரியில ரெய்டு வந்தப்ப உன்னைய மட்டும் லாரியில ஏத்துனாங்க. அந்தப் பந்தியில சாப்ட்ட வெளியாளுங்க ரெண்டு பேரு வந்து சத்தியம் பண்ணா, நீ யாரு புள்ளைன்னு கோர்ட்டுல காட்டலாமாம். சொந்தக்காரங்க சொன்னா எடுபடாதாம்.

இப்ப நான் நெட்டுல படிச்சது, வக்கீல் அக்கா சரின்னு சொன்னது. எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடாத. "நான் இந்தியாக்காரன், சொந்த விருப்பத்துல போறேன்"னு ஒரு தாள் நீட்டுவாங்களாம், அதுல போட்டா கேஸ் செத்துச்சு. பதினாலு நாளுக்குள்ள உன்னைய மஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், நாள எண்ணு. வக்கீல் அக்கா நம்பர மனப்பாடம் பண்ணு, காயிதத்துல எழுதி வச்சா புடுங்கிடுவாங்க. யார் என்ன சொன்னாலும் கை ஓங்காத. ஒடம்புக்கு முடியலன்னா டாக்டரக் கேளு, என்னிக்குக் கேட்டேன்னு ஞாபகம் வச்சுக்க.

புதன்கிழமை புதன்கிழமை முகாமுக்கு சோப்பு கொண்டு வர்ற சாந்தினி அக்காகிட்ட இத குடுத்து விடுறேன்.

உன் நம்பர் ஒன் ரசிகை,
சுபாஷினி


முகாம்
18 மே 2025

தங்கச்சி சுபாவுக்கு,

நான் நலம். சித்தப்பா, சித்தி, நீ எல்லாரும் நலமா? சித்தப்பாவோட முட்டி வலி எப்படி இருக்கு?

ஃபைனல்னு படிச்சதும் தொடையிலயே வாசிச்சேன். பக்கத்துல படுத்திருந்த பாய், "தம்பி, அது என் தொடை"ன்னாரு. இடம் அப்படி. ஒருத்தர் திரும்பிப் படுத்தா வரிசையே திரும்பணும்.

அவரு பேரு இப்ராஹிம். ராமநாதபுரம் பக்கம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துல சாப்பாட்டுக் கடையில பதினோரு வருஷம் கறி கிண்டுனவரு. பெர்மிட்ட புதுப்பிக்கிறேன்னு ஏஜெண்டு பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போனான், ஆளக் காணோம். முகாம் சோத்தப் பாத்து தெனம் ஒரு கொறை சொல்லுவாரு. "இந்தக் கொழம்புக்கும் கறிக்கும் அறிமுகமே இல்ல தம்பி."

பதிமூணாவது நாள் மஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துனாங்க. நேர்ல இல்ல, டீவியில. ரெண்டு நிமிஷம். உள்ளயே வைக்கச் சொல்லிட்டாரு, ஆனா வக்கீல் பேரு பதிவாயிடுச்சு.

தாளும் நீட்டுனாங்க. "போட்டா ரெண்டு வாரத்துல வெளிய, போடலன்னா வருஷக்கணக்கு." போடல. வக்கீல் நம்பர பாட்டு மாரி வச்சிருக்கேன், தாளத்தோட. பாய்க்கும் சொல்லிக் குடுத்துட்டேன். அவருக்கு நம்ம வீட்டு விலாசமும் மனப்பாடம்.

தேதி, ஆளு, கேட்டது, கெடச்சது, எல்லாத்தையும் தலைக்குள்ள எழுதுறேன். வேற என்ன. எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

அன்புடன்,
தனேஷ்


நிபோங் திபால்
1 ஜூன் 2025

அண்ணே,

நலம், நலந்தானே? எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிருக்க. சாந்தினி அக்கா உன் கழுத்துல சொறி இருக்குன்னு சொன்னாங்க. அத ஏன் எழுதல?

நேத்து மோட்டார எடுத்துக்கிட்டு பைராமுக்குப் போனேன், சாட்சி தேடி. எட்டு வீடு. எல்லாருக்கும் கல்யாணம் ஞாபகம் இருக்கு அண்ணே! ஒரு அக்கா, பெரியம்மா கட்டுன பொடவ கலரு வரைக்கும் சொன்னாங்க. கல்யாண வண்டிய ஓட்டுன மேத்யூ அங்கிள் இருக்காரே, அவரு சூப்பரு. "உங்க பெரியப்பன் பந்தியில கத்திரிக்கா கூட்டுல உப்பு கம்மி, நான்தான் மொதல்ல சொன்னேன்"னாரு. அப்படியே வாய்தா அன்னிக்கு வந்து சொல்லுங்க அங்கிள்னேன்.

அவரு ஹெல்மெட்டத் தொடைச்சிக்கிட்டே இருந்தாரு. "கோர்ட்டா? பையன் அரசாங்க வேலையில இருக்கான்மா. யோசிக்கிறேன்லா."

யோசிக்கட்டும். கண்டிப்பா வருவாரு. நல்ல மனுஷன்.

நீ நடக்கிறத எல்லாம் எழுது. ஒன்னு விடாம. உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய தெரியணும், அதான் உனக்குப் பாதுகாப்பு. எல்லா வெப்சைட்டும் அதான் சொல்லுது.

சுபா


முகாம்
9 ஜூன் 2025

சுபா,

எல்லாரும் நலம்னு நெனக்கிறேன். சொறி எல்லாருக்கும் இருக்கு, அதனால எழுதல.

இந்தக் காயிதம் வக்கீல் அக்கா ஃபைல்ல வருது, சோப்புக்காரங்க வழியா இல்ல. அவங்ககிட்ட மட்டும் காட்டு.

பாய்க்கு சர்க்கரை. கால்ல சின்னப் புண்ணு, கக்கூஸ் தண்ணியிலயே நின்னு நின்னு பெருசாயிடுச்சு. ஜூன் அஞ்சாந்தேதி டாக்டரக் கேட்டோம். "துங்கு." ஆறாந்தேதி கேட்டோம். "துங்கு." காத்திரு, காத்திரு, இங்க அந்த ஒரு வார்த்தைதான். எட்டாந்தேதி நான் கொஞ்சம் சத்தமா கேட்டேன். அதுக்கு என்ன கெடச்சுதுங்கிறது வேணாம். மாத்திரை கெடக்கல.

மனுஷன் சிரிச்சுக்கிட்டே இருக்காரு. "தம்பி, பதினோரு வருஷம் அடுப்பு முன்னாடி நின்ன காலு. இதுக்கெல்லாம் சாயாது"ங்கிறாரு. காலு ஒரு மாதிரி வாடை வருது சுபா.

வக்கீல் அக்கா மனு போட்டா நடக்கும். சீக்கிரம்.

தனேஷ்


நிபோங் திபால்
14 ஜூன் 2025

அண்ணே அண்ணே அண்ணே!

நாப்பத்தோராயிரம் பேரு ஷேர் பண்ணிட்டாங்க!!! உன் லெட்டர அண்ணே!

நலம், நீ நலமா, அதெல்லாம் அப்புறம். வக்கீல் அக்கா மனு எழுத ஒரு வாரம் ஆகும்னாங்க. ஒரு வாரமா? எனக்குப் பொறுக்கல. நம்ம இடிமுழக்கம் ஃபேன்ஸ் பேஜ்ல போட்டோ புடிச்சுப் போட்டுட்டேன். பயப்படாத, பேரெல்லாம் மறைச்சிட்டேன். "ஒரு உறுமிக் கலைஞர்"னு போட்டேன். பாய் பேரும் போடல, "பள்ளிவாசல் பக்கம் பதினோரு வருஷம் கறி சமைச்ச சர்க்கரை நோயாளி"ன்னு மட்டும்தான்.

யார் யாரோ அழுவுற ஸ்டிக்கர் போடுறாங்க. நஸீஹான்னு ஒரு அக்கா மலாய்ல மொழிபெயர்த்துப் போட்டு அதுவும் பத்தாயிரம். வக்கீல் அக்கா போன் பண்ணி "ஏன் என்னைக் கேக்கல?"ன்னு ஒரே சத்தம். அவங்களுக்கு இந்த உலகம் தெரியாது அண்ணே. இப்ப ஊரே பாக்குது. இனி உன்னைய யாரும் தொட முடியாது.

சந்தோஷத்துல,
சுபா


நிபோங் திபால்
2 ஜூலை 2025

அண்ணே,

நலமா? மூணு வாரமா ஒரு வரி வரல. சாந்தினி அக்காவ உள்ள விடல, சோப்ப மட்டும் கவுண்டர்ல வாங்கிக்கிட்டாங்களாம். வக்கீல் அக்காவுக்கு ரெண்டு தடவ தேதி குடுத்து ரெண்டு தடவ மாத்திட்டாங்க.

பாய்க்கு மாத்திரை கெடச்சுதா?

நம்ம பேஜ்ல இப்ப வேற ஏதோ ஓடுது. ஒரு பூனை வீடியோ.

ரெண்டு வரி போதும் அண்ணே. ஒரு வரி.

சுபா


முகாம்
15 ஜூலை 2025

அன்புள்ள தங்கை சுபாஷினிக்கு,

நான் இங்கு நலமாக உள்ளேன். அதுபோல் நீங்கள் அனைவரும் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கு உணவும் மருத்துவ வசதியும் நல்ல முறையில் வழங்கப்படுகின்றன. அதிகாரிகள் எங்களை அன்புடன் நடத்துகின்றனர்.

நேற்று, ஜூலை பதினான்காம் தேதி, நான் இந்தியாவுக்குத் திரும்பிச் செல்லச் சம்மதித்துக் கையெழுத்திட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் இம்முடிவை எடுத்தேன். இதுகுறித்து வெளியில் எதுவும் எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தனேஷ் த/பெ சிவநேசன்


நிபோங் திபால்
17 ஜூலை 2025

அண்ணே,

முத்திரை குத்தி வந்துச்சு உன் லெட்டர். நாலு தடவ படிச்சேன். இது நீ இல்ல. தமிழ்ப்பள்ளியில கட்டுரைப் போட்டிக்குக் கூட நீ இப்படி எழுதுனது இல்ல.

ஆனா கையெழுத்து உன்னுது. வக்கீல் அக்கா அந்தத் தாளப் பாத்துட்டாங்க.

ஏன் அண்ணே? ஒன்னே ஒன்னுதான சொன்னேன். போடாத, போடாத, போடாத. எழுபது நாளு தாங்குன. எட்டு வீடு, அப்புறம் இன்னும் பதினஞ்சு வீடு ஏறி எறங்குனேன். "அது வேற யாரோ கல்யாணமா இருக்கும்"னு மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துனாங்க. மேத்யூ அங்கிள் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாரு. நான் விடல. நீ விட்டுட்ட.

திரும்பிப் போறியா? எங்க திரும்பி? நீ போகவே இல்லாத ஊருக்கு எப்படித் திரும்புவ?

கோழை. எழுதிட்டேன், அந்த வார்த்தைய அடிச்சு அழிக்க மாட்டேன்.

அப்பா ரெண்டு நாளா சாப்பிடல.

சுபா


ராமநாதபுரம் மாவட்டம்
20 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை சுபாஷினிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் கிருபையால் நான் உயிரோடு வீடு வந்து சேர்ந்தேன். தாங்களும் பெற்றோரும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். என்னைத் தங்களுக்குத் தெரியாது. நான்தான் இப்ராஹிம். தங்கள் விலாசத்தைத் தனேஷ் தம்பி என்னை மனப்பாடம் செய்ய வைத்தார்.

தங்களிடம் ஒரு விஷயத்தை அவர் சொல்லியிருக்க மாட்டார். சொல்ல வேண்டாம் என்றுதான் என்னிடமும் கேட்டுக்கொண்டார். ஆனால் என்னால் முடியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஓர் அதிகாரி கையில் போனோடு வந்தார். வாசித்துக் காட்டினார். சர்க்கரை நோய், பள்ளிவாசல் பக்கம், பதினோரு வருஷம், கறி. அந்தக் கூடத்தில் அப்படி ஒரே ஆள்தான் இருந்தேன். என் பக்கத்தில் உறுமி வாசிக்கிறவரும் ஒரே ஆள்தான். பெயரைக் கேட்கவே தேவை இல்லாமல் போயிற்று. எங்களைப் பிரித்தார்கள். தம்பியைத் தனி அறையில் பன்னிரண்டு நாள் வைத்தார்கள். அங்கே நடந்ததை அவர் எனக்கும் சொல்லவில்லை.

மருத்துவரை அனுப்பவில்லை. "ஃபேஸ்புக்ல கேளு, வருவாரு" என்று சிரித்தார்கள். என் கால் கருத்துவிட்டது. ஜூலை பதினான்காம் தேதி காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தேன். தம்பியை அழைத்து வந்து என்னைக் காட்டினார்கள். அப்போது எனக்குக் கொஞ்சம் காது கேட்டது.

"கையெழுத்துப் போடு. உன் பாய் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவாரு."

"மொதல்ல ஆம்புலன்ஸ கூப்பிடுங்க துவான்."

"மொதல்ல கையெழுத்து."

அவர் போட்டார். வண்டி வந்தது. மூட்டுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள், உயிர் மிஞ்சியது.

ஊருக்கு அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் மீண்டும் அதே கூடத்தில் படுத்திருந்தேன். தங்கள் கடிதம் அவர் கையில் இருந்தது. படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "தங்கச்சி கோவமா இருக்கு பாய், சாப்ட்டுச்சோ என்னமோ" என்றார்.

தாங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். அதை நான் அறிவேன். என் பிள்ளைகள் கேட்டால் காலைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்கிறேன்.

வக்கீலம்மா கேட்டால் எந்த இடத்திலும் சத்தியம் செய்து எழுதித் தருகிறேன். அவர் நம்பர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, தாளத்தோடு.

தங்கள் சகோதரன்,
இப்ராஹிம்


நிபோங் திபால்
3 செப்டம்பர் 2025

அண்ணே,

பாய் எழுதிட்டாரு. எல்லாம் தெரிஞ்சிருச்சு.

நலமான்னு கேக்க மாட்டேன்.

போஸ்ட எடுத்துட்டேன். எடுத்து என்ன. ஃபைனல்ல ரெண்டாவது வந்தோம், யாருக்கும் கத்தத் தோணல.

அந்தக் கோழைங்கிற வார்த்தைய வெட்டிட்டு லெட்டரத் திருப்பி அனுப்பு அண்ணே.

சுபா


முகாம்
14 செப்டம்பர் 2025

சுபா,

நான் இருக்கேன். இதுவும் வக்கீல் அக்கா ஃபைல்லதான் வருது. சித்தப்பா சாப்பிடுறாரா?

லெட்டரத் திருப்பி அனுப்ப முடியாது, சோதனையில புடுங்கிட்டாங்க.

ஒரு தமாஷு கேளு. போன வாரம் இந்தியா எம்பசியிலேர்ந்து ஒரு ஐயா வந்தாரு, என்னைய அங்க அனுப்ப பயண சூராட் எழுத.

"எந்த ஊரு?"

"பைராம்."

"எந்தத் தாலுக்கா?"

"நிபோங் திபால்."

பேனாவ மூடிட்டாரு. அம்மா ஊரு பேரு கேட்டாரு. தெரியல சுபா. அம்மா "எங்க ஊரு"ன்னு மட்டும்தான் சொல்லும், எனக்கு ஏழு வயசுல போயிடுச்சு. "தம்பி, நீங்க எங்க ஆளுங்கிறதுக்கு ஒரு தாளும் இல்லையே"ன்னுட்டுப் போயிட்டாரு. ஆக, சொந்த விருப்பத்துல போறேன்னு கையெழுத்துப் போட்டாச்சு. போறதுக்குத்தான் ஊரு இல்ல. இங்கேர்ந்தும் விட மாட்டாங்க, அங்கேயும் எடுக்க மாட்டாங்க. எப்ப வரைக்கும்னு கேட்டேன். "துங்கு."

உன் மேல கோவம் இல்லன்னு எழுதணும்னு ரெண்டு நாளா பாக்குறேன். வரல. பாய் காலு கண்ணு முன்னாடி நிக்குது. மட்டும்னு எழுதுனேன். வக்கீல்கிட்ட மட்டும்னு. அந்த ஒரு வார்த்தைய நீ படிக்கல. வெளிய இருக்கிறவங்க எழுதுறாங்க, உள்ள இருக்கிறவன் பதில் சொல்லணும். இத யாருக்காச்சும் சொல்லிக் குடு.

பாய் எழுதிக் குடுத்தத வச்சு அந்தக் கையெழுத்து செல்லாதுன்னு வக்கீல் அக்கா போட்டுட்டாங்க. அதோட நான் அப்பா புள்ளைங்கிற கேஸும் சேந்து நவம்பர் 24 விசாரணை. பாய் சாட்சி, கையெழுத்து கேஸுக்கு ஆச்சு. அப்பா கல்யாணத்துக்கு யாரு சாட்சி? பந்தியில உக்காந்த ரெண்டு பேரு இன்னும் வேணும்.

இப்ப போடு. வக்கீல் அக்காவக் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. எல்லா லெட்டரையும், வெட்டாம, என் பேரோட. பாய் பத்திரமா ஊருல இருக்காரு, கேட்டாச்சு, அவரும் சரின்னுட்டாரு. இனி அடி விழுந்தா என் மேல மட்டும்தான். இந்தத் தடவ நான் கேட்டு நீ போடுற. அதான் வித்தியாசம்.

சாப்பிடு.

தனேஷ்


இடிமுழக்கம் ஃபேன்ஸ் பேஜ்
2 நவம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். நீங்களும் உங்க வீட்டுல உள்ளவங்களும் நலமா இருக்கணும்.

மேல இருக்கிற லெட்டரெல்லாம் என் அண்ணன் தனேஷ், இப்ராஹிம் பாய், வக்கீல் அக்கா, மூணு பேருகிட்டயும் கேட்டுட்டுப் போடுறேன். நான் எழுதுன அசிங்கத்தையும் வெட்டல.

உங்க வீட்டு ஆளு யாராச்சும் உள்ள இருந்தா, கையெழுத்துப் போடாதன்னு சொல்லுங்க, வக்கீல் நம்பர மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க, நாள எண்ணச் சொல்லுங்க. அதெல்லாம் சரிதான். ஆனா அவங்களக் கேக்காம ஒரு எழுத்தும் வெளிய விடாதீங்க. நான் விட்டேன். ஒருத்தருக்குக் காலு போச்சு.

போன தடவ நாப்பத்தோராயிரம் பேரு ஷேர் பண்ணீங்க. அதுல ஒருத்தர் கூட பைராம்லேர்ந்து வரல. இந்தத் தடவ ஷேர் வேணாம். ஸ்டிக்கர் வேணாம்.

இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, பைராம் தோட்டத்து மாரியம்மன் கோயில்ல, லாரி டிரைவர் சிவநேசனுக்கும் குணவதிக்கும் கல்யாணம். நாலு பந்தி. அந்த எலையில சாப்ட்டவங்க இப்ப பிறையில இருக்கீங்க, சுங்கை பட்டாணியில இருக்கீங்க, இத படிச்சிக்கிட்டே இருக்கீங்க. உங்களுக்குப் பொடவ கலரு ஞாபகம் இருக்கு. ரெண்டு பேரு போதும். நவம்பர் 24, திங்கக்கிழமை, காலையில எட்டரை மணி, நம்ம மாநில ஹைகோர்ட்டு வாசல். நான் மஞ்சள் சட்டையில நிப்பேன். காப்பி வாங்கித் தரேன். உள்ள போயி, "ஆமா, நான் சாப்ட்டேன்"னு சொல்லுங்க. அவ்வளவுதான்.

மேத்யூ அங்கிள், என் நம்பர பிளாக் பண்ணிட்டீங்க, பேஜ பண்ணல, பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். கூட்டுல உப்பு கம்மின்னு சொன்னீங்களே, அத ஜட்ஜுகிட்ட வந்து சொல்லுங்க.

சுபாஷினி